காப்பின் காலமும் கதையின் காலமும்: ‘அசாசின்ஸ் கிரீட்’ தொடர்ச்சி விளையாட்டுகளை முன்வைத்து நகல் தடுப்பு முறைகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டுகள் விலைகொடுத்து வாங்கப்படாமல் நகலெடுக்கப்படுவதைத் தடுக்க, வெளியீட்டு நிறுவனங்கள் பல்வேறு காப்பு முறைகளைக் கையாண்டு வந்துள்ளன. அவற்றுட் சில, நகலெடுப்போரைக் காட்டிலும் விலைகொடுத்து வாங்கியோரையே மிகுதியாகப் பாதித்தன. பிரான்சு நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனம் 2005 முதல் 2022 வரை தன் சாகச அதிரடி விளையாட்டுகளின் தொடர்ச்சிப் பகுதிகளில் மேற்கொண்ட நகல் தடுப்பு நடவடிக்கைகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 2010-இல் கணினிக்கு வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட் 2’ ஆய்வின் மையமாக அமைகிறது. நகல் தடுப்பினால் நிறுவனம் பெறும் பயன் வெளியீட்டை ஒட்டிய சில வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அதன் தீமையோ விளையாட்டு வாழும் காலம் முழுவதும் தொடர்கிறது. இக்கால முரண்பாடே இச்சிக்கலின் அடிப்படை என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, தொடர்ச்சிப் பகுதி, நகல் தடுப்பு, எண்மிய உரிமை மேலாண்மை, பதிப்புரிமை, மின்பொருள் பாதுகாப்பு.

முன்னுரை

அச்சு நூலை வாங்கியவர் அதைப் படிப்பதற்குப் பதிப்பாளரிடம் மீண்டும் இசைவு கேட்க வேண்டியதில்லை. பதிப்பகம் மூடப்பட்டாலும் நூல் அலமாரியில் இருக்கும். கணினி விளையாட்டு இத்தன்மையை மெல்ல மெல்ல இழந்தது. வட்டில் விற்கப்பட்ட பொருள், உரிமத்தின்கீழ் வழங்கப்படும் சேவையாக மாறியது. இம்மாற்றத்திற்கு வழிவகுத்த காரணிகளுள் முதன்மையானது நகல் தடுப்பு ஆகும்.

இச்சிக்கல் தொடர்ச்சி விளையாட்டுகளில் தனி முனைப்புடன் வெளிப்படுகிறது. அதற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, வணிகம் சார்ந்தது. முதற்பகுதி வெற்றி பெற்றபின் வரும் இரண்டாம் பகுதிக்குப் பெருமுதலீடு செய்யப்படுகிறது. எதிர்பார்ப்பு மிகுதியாக இருப்பதால் வெளியான முதல் வாரங்களிலேயே விற்பனை குவிகிறது. அவ்வாரங்களில் திருட்டு நகல் பரவினால் இழப்பும் மிகும் என நிறுவனம் அஞ்சுகிறது. இரண்டாவது, கதையமைப்புச் சார்ந்தது. சாகச அதிரடி விளையாட்டுகள் ஒரே கதையைப் பல பகுதிகளாகச் சொல்பவை. நடுவில் உள்ள ஒரு பகுதி பூட்டப்பட்டால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளின் பொருளும் சிதைகிறது.

தொடக்ககால நகல் தடுப்பு முறைகள்

நெகிழ்வட்டுக் காலத்தில் நகல் தடுப்பு பெரும்பாலும் அச்சுத்தாளையே சார்ந்திருந்தது. ஜோர்டன் மெக்னர் உருவாக்கி 1989-இல் வெளிவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ விளையாட்டின் டாஸ் பதிப்பில், முதற்கட்டத்தை முடித்தவர் எழுத்துகள் பொறிக்கப்பட்ட மருந்துக் குப்பிகள் நிறைந்த அறைக்குள் நுழைவார். கையேட்டில் குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட வரியில் உள்ள சொல்லின் முதலெழுத்தைக் கண்டறிந்து அதற்குரிய குப்பியைப் பருகினால்தான் மேலே செல்ல இயலும். லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட ‘த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ (1990), அதன் தொடர்ச்சியான ‘மங்கி ஐலண்ட் 2’ (1991) ஆகியன, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் அட்டைச் சக்கரங்களை இப்பணிக்குப் பயன்படுத்தின.

இம்முறைகளில் மூன்று இயல்புகள் குறிப்பிடத்தக்கவை. தடை, விளையாட்டின் உள்ளேயே நிகழ்ந்தது. கணினியின் பிற பகுதிகளை அது தொடவில்லை. சரிபார்ப்பு, வாங்கியவர் கையிலிருந்த தாளை மட்டுமே சார்ந்தது; நிறுவனம் அதில் குறுக்கிடவில்லை. நிறுவனம் மறைந்த பின்னரும் தாள் இருக்கும்வரை விளையாட்டு இயங்கியது. தாள் தொலைந்தால் வாங்கியவர் இடர்ப்பட்டார் என்பது உண்மையே. எனினும் அவ்விடர் அவர் பொறுப்பிலேயே இருந்தது. பின்னர் வந்த முறைகள் இம்மூன்று இயல்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நீக்கின.

வட்டிலிருந்து இயங்குதளத்திற்கு: ஸ்டார்ஃபோர்ஸ்

குறுவட்டை நகலெடுக்கும் கருவிகள் வீடுதோறும் பரவியபின், வட்டு மூலமானதா நகலா எனக் கண்டறியும் மென்பொருள்கள் வந்தன. சேஃப்டிஸ்க், செக்யூரோம், ஸ்டார்ஃபோர்ஸ் ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் உருசிய நாட்டில் உருவான ஸ்டார்ஃபோர்ஸ், கணினியில் தனக்கென இயக்கி மென்பொருளை நிறுவி, இயங்குதளத்தின் கருப்பகுதியில் நின்று வட்டைச் சோதித்தது. விளையாட்டை நீக்கிய பின்னரும் அவ்வியக்கி கணினியில் தங்கியிருந்தது.

யூபிசாஃப்ட் 2005-இல் வெளியிட்ட ‘ஸ்பிளிண்டர் செல்: கேயாஸ் தியரி’ இக்காப்புடன் வந்தது. இது அத்தொடரின் மூன்றாம் பகுதி. காப்பு தன் பணியைச் செய்தது என்றே கூற வேண்டும். ஓராண்டுக்கும் மேலாக அதற்குரிய உடைப்பு நிரல் வெளிவரவில்லை. ஆயினும் கணினியின் நிலைப்புத்தன்மை கெடுகிறது, வட்டு இயக்ககங்கள் பழுதடைகின்றன என்னும் குற்றச்சாட்டுகள் பெருகின. ஸ்டார்ஃபோர்ஸ் தரப்பு அவற்றை மறுத்தது. 2006-இல் அமெரிக்காவில் 50 இலட்சம் டாலர் இழப்பீடு கோரி யூபிசாஃப்ட்டுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அந்நிறுவனம் ஸ்டார்ஃபோர்ஸைக் கைவிட்டது.

இங்கு ஒரு வரலாற்று உண்மை கவனத்திற்குரியது. ஸ்டார்ஃபோர்ஸ் கைவிடப்பட்டது அது தோற்றதனால் அன்று. நகலெடுப்போரைத் தடுப்பதில் அது வென்றிருந்தது. வாங்கியோரிடம் இழந்த நம்பிக்கையே அதன் முடிவுக்குக் காரணமாயிற்று. காப்பின் வலிமையை மட்டும் அளந்து அதன் பயனை மதிப்பிட இயலாது என்பதை இந்நிகழ்வு முதன்முதலாகத் தெளிவுபடுத்தியது.

2008: எதிரெதிர்த் திசைகளில் நிகழ்ந்த முயற்சிகள்

2003-இல் வெளிவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: த சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ விளையாட்டுக்குப் பின், அதன் வழித்தோன்றலாக யூபிசாஃப்ட்டின் மாண்ட்ரியல் பிரிவில் தொடங்கப்பட்ட பணியே, பத்ரீஸ் தேசிலே தலைமையில் உருமாறித் தனித்தொடராகி, 2007 நவம்பரில் ‘அசாசின்ஸ் கிரீட்’ என்னும் பெயரில் கன்சோல் கருவிகளுக்கு வெளிவந்தது. கணினிப் பதிப்பு 2008 ஏப்ரலில் வந்தது. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னரே கணினிப் பதிப்பின் நகல் இணையத்தில் கசிந்தது. அந்நகலில் விளையாட்டை இடையில் நின்றுபோகச் செய்யும் பிழையொன்று வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தது. திருட்டு நகலைப் பயன்படுத்தியோர் விளையாட்டே பழுதானது எனக் கருதி அவ்வாறே பரப்பினர். வட்டுத் தயாரிப்பாளர்மீது யூபிசாஃப்ட் தொடுத்த வழக்கில், இக்கசிவு 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. பாதுகாப்புக்காக வைத்த பொறியே நற்பெயரைக் கெடுத்தது என்பது இந்நிகழ்வின் பாடம். நிறுவனம் இதிலிருந்து பெற்ற முடிவோ, அடுத்த பகுதிக்கு இன்னும் வலிய காப்பு வேண்டும் என்பதாக இருந்தது.

அதே 2008-இல் வேறு இரு நிகழ்வுகளும் நடந்தன. அவ்வாண்டு சூலையில் ‘ரெயின்போ சிக்ஸ்: வேகாஸ் 2’ விளையாட்டின் பதிவிறக்கப் பதிப்பை வாங்கியோர், நிறுவனத்தின் திருத்த நிரலை நிறுவியதும் விளையாட்டு வட்டைக் கேட்டது, வட்டோ அவர்களிடம் கிடையாது. இதைச் சரிசெய்ய நிறுவனம் வழங்கிய கோப்பு, ‘ரீலோடட்’ என்னும் உடைப்புக் குழு உருவாக்கிய கோப்பே என்பது பின்னர்த் தெரியவந்தது. சட்டவிரோதமானது என நிறுவனம் எதிர்த்துவந்த ஒரு பொருளே அதன் வாடிக்கையாளர்க்குத் தீர்வாயிற்று. இரண்டாவதாக, 2008 டிசம்பரில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ தொடரின் புதிய விளையாட்டு கணினிக்கு எவ்வகை நகல் தடுப்புமின்றி வெளியிடப்பட்டது. காப்பு இல்லாவிடில் மக்கள் வாங்குவர் என்னும் கூற்றைச் சோதித்துப் பார்ப்பதாக அது கருதப்பட்டது. அச்சோதனை தொடரப்படவில்லை.

2010: இடையறா இணைப்பு

‘அசாசின்ஸ் கிரீட் 2’ 2009 நவம்பரில் கன்சோல் கருவிகளுக்கும் 2010 மார்ச்சில் கணினிக்கும் வெளிவந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில், ஃபுளோரன்ஸ், வெனிஸ் முதலிய நகரங்களில் எட்சியோ ஆடிட்டோரே என்னும் இளைஞன் தன் குடும்பத்தின் அழிவுக்குப் பழிவாங்கப் புறப்படும் கதை அது. கன்சோலில் 2010-இன் தொடக்கத்தில் தனியே விற்கப்பட்ட 12, 13-ஆம் கதைப்பகுதிகள் கணினிப் பதிப்பில் உள்ளடக்கமாகவே தரப்பட்டன. அவ்வகையில் கணினி வாசகர்க்குக் கிடைத்தது முழுமையான பனுவல்.

அம்முழுமைக்கு நிபந்தனை ஒன்று இருந்தது. விளையாட்டு இயங்கும் ஒவ்வொரு நொடியும் கணினி யூபிசாஃப்ட்டின் சேவையகத்தோடு இணைந்திருத்தல் வேண்டும். இது பலர் கூடி ஆடும் விளையாட்டன்று; ஒருவர் தனித்திருந்து ஆடுவது. எனினும் இணைப்பு அறுந்தால் ஆட்டம் நின்றது. 2010 சனவரியில் இத்திட்டத்தை அறிவித்த நிறுவனம், வட்டு இல்லாமலே விளையாடலாம், எத்தனை கணினிகளிலும் நிறுவிக்கொள்ளலாம், ஆட்ட நிலையைச் சேவையகத்தில் சேமித்து எங்கிருந்தும் தொடரலாம் என அதன் நன்மைகளை எடுத்துரைத்தது. இவை மெய்யான வசதிகளே. ஆனால் இவற்றுள் எதற்கும் இடையறா இணைப்பு இன்றியமையாததன்று. தொடக்கத்தில் ஒருமுறை சரிபார்த்தாலே இவை அனைத்தும் நிறைவேறியிருக்கும்.

முன்னோட்டப் பதிப்பில் இணைப்பு அறுந்தால், கடைசியாகக் கடந்த சேமிப்புப் புள்ளிவரை ஆட்டக்காரர் பெற்ற முன்னேற்றம் இழக்கப்பட்டது. எதிர்ப்பெழுந்தபின், விட்ட இடத்திலிருந்தே தொடரும் வகையில் நிறுவனம் இதைத் திருத்தியது. சீரற்ற இணைப்புடைய ஊர்களில் வாழ்வோர், பயணத்தில் இருப்போர், பணியிடத்தால் இணைய வசதியற்ற இடங்களில் தங்கியோர் ஆகியோர்க்கு இத்திருத்தம் பயன்படவில்லை. அவர்கள் விலைகொடுத்து வாங்கியும் பொருளைப் பெறாதவராயினர்.

2010 மார்ச் 7: சேவையக முடக்கம்

இம்முறையின் அடிப்படைக் குறை வெளியீடு நிகழ்ந்த வாரத்திலேயே வெளிப்பட்டது. 2010 மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமையன்று யூபிசாஃப்ட்டின் சரிபார்ப்புச் சேவையகங்கள் பல மணி நேரம் முறையாக இயங்கவில்லை. ‘அசாசின்ஸ் கிரீட் 2’ வாங்கியோரும் அதே காப்புடன் வந்த ‘சைலண்ட் ஹண்டர் 5’ வாங்கியோரும் ஆட்டத்தைத் தொடங்க இயலாது தவித்தனர். சேவையகங்கள்மீது வெளியார் தாக்குதல் நடந்ததாகவும், 95 விழுக்காட்டினர் பாதிக்கப்படவில்லை எனவும் நிறுவனம் விளக்கமளித்தது.

இவ்விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் சிக்கல் தீரவில்லை. பழைய முறையில் ஒருவர் கணினியில் ஏற்படும் கோளாறு அவரை மட்டுமே பாதிக்கும். புதிய முறையில் எங்கோ ஓரிடத்தில் நிகழும் கோளாறு, உலகெங்கும் உள்ள வாங்குநரை ஒரே நேரத்தில் பாதிக்க வல்லதாயிற்று. தாக்க விரும்புவோர்க்குக் குறிக்கத்தக்க ஒற்றை இலக்கையும் அது உருவாக்கித் தந்தது. நிறுவனத்தின் விளக்கம், சேவையகப் பராமரிப்பில் தவறில்லை என்பதை நிறுவலாம். தனியாள் விளையாட்டைத் தொலைவிலுள்ள சேவையகத்தோடு கட்டிவைத்த வடிவமைப்பு சரியானது என்பதை அது நிறுவாது.

உடைப்பும் பின்வாங்கலும்

ஆட்டத்தின் சில தகவல்கள் சேவையகத்திலிருந்தே பெறப்பட்டமையால், ‘அசாசின்ஸ் கிரீட் 2’ காப்பை உடைப்பது எளிதாக இல்லை. முதலில் சேவையகத்தின் மறுமொழிகளைத் திரட்டி அதைப் போலியாக இயக்கும் நிரல்கள் வந்தன. 2010 ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ‘ஸ்கிட்ரோ’ என்னும் குழு முழுமையான உடைப்பு நிரலை வெளியிட்டது. ஏறத்தாழ ஆறு வாரங்கள் காப்பு நின்றது எனலாம்.

அதன்பின் உருவான நிலைமை விந்தையானது. விலைகொடாமல் பெற்றவர் இணைப்பின்றி, தடையின்றி விளையாடினார். விலைகொடுத்தவர் சேவையகத்தை எதிர்நோக்கியிருந்தார். திருட்டு நகலின் தரம் மூலத்தின் தரத்தை விஞ்சியது. ‘ஸ்பிளிண்டர் செல்: கன்விக்‌ஷன்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: த ஃபர்காட்டன் சாண்ட்ஸ்’ ஆகிய தொடர்ச்சி விளையாட்டுகளிலும் 2010-இல் இக்காப்பே இடம்பெற்றது.

பின்வாங்கல் படிப்படியாக நிகழ்ந்தது. 2010-இன் இறுதியில் தொடங்கி, ‘அசாசின்ஸ் கிரீட் 2’, ‘கன்விக்‌ஷன்’ ஆகியவற்றில் இடையறா இணைப்பு தளர்த்தப்பட்டு, தொடக்கத்தில் மட்டும் சரிபார்க்கும் முறை வந்தது. 2011 மார்ச்சில் கணினிக்கு வந்த ‘அசாசின்ஸ் கிரீட்: பிரதர்ஹுட்’ தளர்த்தப்பட்ட முறையையே பின்பற்றியது. ஆயினும் 2011 சூலையில், இடையறா இணைப்பு தேவைப்பட்ட விளையாட்டுகளில் திருட்டு நகல் தெளிவாகக் குறைந்துள்ளது. அவ்வகையில் இம்முறை வெற்றியே என நிறுவனம் கூறியது. 2012 பிப்ரவரியில் சேவையகங்களை இடம்மாற்றியபோது சில விளையாட்டுகளை விலைகொடுத்து வாங்கியோரும் ஆட இயலாத நிலை மீண்டும் ஏற்பட்டது. 2012 செப்டம்பரில், இடையறா இணைப்பு முறையைத் தாம் கைவிட்டுவிட்டதாக நிறுவனத்தின் பேராளர்கள் வெளிப்படையாக அறிவித்தனர்.

நிறுவனத் தரப்பின் நியாயம்

நிறுவனங்களின் அச்சத்தை வெறும் பேராசை என ஒதுக்குதல் ஆய்வு நெறியாகாது. கணினி விளையாட்டுகளில் திருட்டு நகலின் அளவு 93 முதல் 95 விழுக்காடு வரை உள்ளது என 2012-இல் யூபிசாஃப்ட்டின் தலைவர் ஈவ் கீமோ கூறினார். இக்கணக்கு எவ்வாறு பெறப்பட்டது என்பது விளக்கப்படவில்லை. பதிவிறக்கிய ஒவ்வொருவரும் இல்லையேல் வாங்கியிருப்பார் எனவும் கொள்ள முடியாது. ஐரோப்பிய ஆணையம் நடத்துவித்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, விளையாட்டுகளைப் பொறுத்தவரை சட்டவிரோத நகலால் விற்பனை குறைகிறது என்பதற்குச் சான்று காணவில்லை.

எனினும் எதிர்ச்சான்றும் உண்டு. டெனுவோ என்னும் காப்பு பொருந்திய கணினி விளையாட்டுகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, வெளியான முதல் வாரத்திலேயே காப்பு உடைந்தால் வருவாயில் சராசரியாக 20 விழுக்காடு அளவுக்கு இழப்பு நேர்கிறது எனக் கணக்கிட்டது. காலம் செல்லச் செல்ல இவ்விழப்பு குறைகிறது. பன்னிரண்டு வாரங்களுக்குப்பின் உடைந்தால் குறிப்பிடத்தக்க இழப்பே இல்லை. எனவே அவ்வளவு காலத்திற்குப்பின் காப்பை நீக்கிவிடலாம் என்பதும் அவ்வாய்வின் பரிந்துரை.

இம்முடிவைக் கொண்டு ‘அசாசின்ஸ் கிரீட் 2’ நிகழ்வை மீண்டும் நோக்கினால் இருதரப்பின் நியாயமும் விளங்கும். காப்பு நின்ற ஆறு வாரங்கள் நிறுவனத்திற்குப் பொருளியல் நோக்கில் பயனுடையவையாக இருந்திருக்கக் கூடும். ஆனால் ஏப்ரலில் காப்பு உடைந்த பின்னரும் அது தளர்த்தப்படாது பல மாதங்கள் நீடித்ததற்குப் பொருளியல் நியாயம் எதுவுமில்லை. அக்காலத்தில் அது தடுத்தது வாங்கியோரை மட்டுமே.

போலந்து நாட்டு சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2011 மே மாதத்தில் வெளியிட்ட ‘த விட்சர் 2’ இதற்கு மாற்றெடுத்துக்காட்டு. அதன் கடைப்பதிப்பு செக்யூரோம் காப்புடனும், அந்நிறுவனக் குழுமத்தின் சொந்த விற்பனைத் தளப் பதிப்பு காப்பின்றியும் வந்தன. சில நாட்களுக்குள் வெளியான திருத்த நிரல் கடைப்பதிப்பின் காப்பையும் நீக்கியது. எனினும் காப்பை நீக்கியதுடன் இந்நிறுவனம் நின்றுவிடவில்லை. செருமனியில் நகலெடுத்ததாகக் கருதப்பட்டோர்க்கு இழப்பீடு கோரும் மடல்களை அனுப்பியது. தவறு செய்யாதோரும் அச்சுறுத்தப்படக் கூடும் என்னும் கண்டனம் எழவே, 2012 சனவரியில் அதனையும் நிறுத்திக்கொண்டது.

டெனுவோ: புலப்படாக் காப்பு

ஆஸ்திரியாவின் சால்ஸ்புர்க் நகரைச் சார்ந்த டெனுவோ, செக்யூரோமை உருவாக்கிய சோனி கிளையமைப்பின் வழிவந்தது. 2014 முதல் பரவிய இக்காப்பு, உரிமச் சரிபார்ப்பு நிரலை யாரும் மாற்றியமைக்காதவாறு சூழ்ந்து காக்கிறது. இடையறா இணைப்பைக் கேட்பதில்லை. 2016 சனவரியில் கணினிக்கு வந்த ‘ரைஸ் ஆஃப் த டூம் ரைடர்’ ஆறு மாதங்களுக்கும் மேலாக உடைபடாமல் நின்றது. 2017 அக்டோபரில் வந்த ‘அசாசின்ஸ் கிரீட்: ஆரிஜின்ஸ்’ டெனுவோவுடன் மற்றொரு காப்பையும் சேர்த்துக்கொண்டு, 2018 பிப்ரவரி வரை தாங்கியது. கணினியின் செயலி மிகையாக உழைப்பதற்கு இவ்விரட்டைக் காப்பே காரணம் என்னும் குற்றச்சாட்டை யூபிசாஃப்ட் மறுத்தது.

வேகக் குறைவு பற்றிய விவாதத்தில் சான்றுடன் நிறுவப்பட்ட நிகழ்வு, 2021-இல் கேப்காம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ தொடர்பானது. காப்பு நீக்கப்பட்ட உடைப்புப் பதிப்பு, விற்பனைப் பதிப்பைவிடத் தடங்கலின்றி இயங்குவதை ‘டிஜிட்டல் ஃபவுண்ட்ரி’ என்னும் தொழில்நுட்ப ஆய்வுக்குழு அளந்து காட்டியது. அவ்வாண்டு சூலையில் கேப்காம் திருத்த நிரல் வெளியிட்டுக் குறையைக் களைந்தது. 2023-இல் டெனுவோவையே நீக்கியது. 2021 நவம்பரில் இன்டெல் நிறுவனத்தின் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலிகள் வந்தபோது, அவற்றின் இருவகைக் கருக்களை டெனுவோ இரு வேறு கணினிகள் எனத் தவறாகக் கருதியது. பாதிக்கப்பட்ட விளையாட்டுகளுள் ‘அசாசின்ஸ் கிரீட்: வல்ஹாலா’வும் ஒன்று. புதிய கணினியை வாங்கியதே தடையாயிற்று.

அறுபடும் கதையும் சட்டமும்

நகல் தடுப்பின் நீண்டகால விளைவு, நிறுவனத்தின் கவனம் அகன்றபின் வெளிப்படுகிறது. சேஃப்டிஸ்க் காப்பின் இயக்கி பாதுகாப்புக் குறையுடையது எனக் கண்ட மைக்ரோசாஃப்ட், 2015-இல் வந்த விண்டோஸ் 10 இயங்குதளத்தில் அதற்கு இடமளிக்கவில்லை. பழைய இயங்குதளங்களிலும் அவ்வாண்டிலேயே அதை முடக்கியது. இதனால் மூல வட்டுகளைப் பேணி வைத்திருந்தோரும் அவற்றை இயக்க இயலாதவராயினர். 2022-இல் யூபிசாஃப்ட் தன் பழைய விளையாட்டுகள் பலவற்றிற்கான இணையச் சேவைகளை நிறுத்தியது. ‘அசாசின்ஸ் கிரீட் 2’, ‘பிரதர்ஹுட்’ ஆகியன அப்பட்டியலில் இருந்தன. முதன்மைக் கதை தொடர்ந்து இயங்கினாலும், சேவையகத்தைச் சார்ந்து பெறப்பட்ட கூடுதற் பகுதிகளை அணுகுவதில் தடைகள் ஏற்பட்டன.

அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என, காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இதற்கு உரிமச் சிக்கல், வணிகப் பயனின்மை எனப் பல காரணங்கள் உண்டு. கிடைக்கும் சில படிகளையும் இயங்கவிடாமல் செய்வதில் நகல் தடுப்பு பங்கு வகிக்கிறது.

சட்டம் இச்சிக்கலை மெதுவாகவே எதிர்கொண்டது. 1998-இல் அமெரிக்கா இயற்றிய எண்மிய ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம், காப்பை உடைப்பதையே குற்றமாக்கியது. நிறுவனம் சரிபார்ப்புச் சேவையகத்தை மூடிவிட்ட விளையாட்டுகளை இயக்குவதற்காக உடைக்கலாம் என்னும் விலக்கு 2015-இல்தான் கிடைத்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு சற்றே வேறுபட்ட அணுகுமுறையுடையது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் காப்பை உடைப்பதை அது குற்றமாகக் கொண்டு, ஈராண்டு வரையிலான சிறைத்தண்டனை விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத நோக்கங்களுக்கு விலக்களிக்கிறது. நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டமையால், நூலகங்களும் ஆய்வாளரும் முன்வைக்கக் கூடிய வாதத்திற்கு இதில் இடமுண்டு.

2024 மார்ச் இறுதியில் யூபிசாஃப்ட் ‘த குரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் சேவையகத்தை மூடியபோது, வாங்கியோர் கையில் இருந்த வட்டுகள் முற்றிலும் பயனற்றுப் போயின. அதனை ஒட்டி எழுந்த ‘விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துக’ இயக்கம், 2025-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சிக்குத் தேவையான 10 இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. 2010-இல் சில மணி நேர முடக்கமாகத் தோன்றிய சிக்கல், பதினான்கு ஆண்டுகளில் நிரந்தர மறைவு என்னும் நிலையை எட்டியதை இது காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

1. நகல் தடுப்பு, வாங்கியவர் கையிலிருந்த தாளிலிருந்து கணினியின் இயங்குதளத்திற்கும், அங்கிருந்து நிறுவனத்தின் சேவையகத்திற்கும் இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் வாங்கியவரின் ஆளுகை குறைந்தது.

2. ஒரு பகுதியில் நேர்ந்த இழப்பே அடுத்த பகுதியின் காப்பைக் கடுமையாக்கத் தூண்டியது. 2008-இன் கசிவுக்கும் 2010-இன் இடையறா இணைப்புக்கும் உள்ள தொடர்பு இதற்குச் சான்று.

3. காப்பினால் நிறுவனத்திற்குப் பயன் உண்டு. அப்பயன் வெளியீட்டை ஒட்டிய சுமார் பன்னிரண்டு வாரங்களுக்கு உரியது. வாங்கியோர்க்கும் ஆய்வாளர்க்கும் விளையும் தீமைக்கு அத்தகைய கால வரையறை இல்லை.

4. ஆகவே காப்பு வேண்டுமா வேண்டாவா என்பதினும், அது எப்போது நீக்கப்படும் என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. நீக்கும் நாளை வெளியீட்டின்போதே அறிவித்தலும், காப்பற்ற படியொன்றை நூலகங்களில் ஒப்படைத்தலும் இருதரப்புக்கும் ஏற்புடைய வழிகளாக அமையும்.

‘அசாசின்ஸ் கிரீட் 2’ விளையாட்டின் இடையறா இணைப்பு ஓராண்டுக்குள் தளர்த்தப்பட்டதனால்தான் இன்று அவ்விளையாட்டை இயக்கவும் ஆராயவும் முடிகிறது. அன்று எதிர்ப்பெழாமல், அம்முறை முதலில் வெளிவந்த வடிவிலேயே நீடித்திருப்பின், எட்சியோ ஆடிட்டோரேயின் கதையைச் சொல்லும் மூன்று விளையாட்டுகளுள் முதலாவது, சேவையகங்கள் மூடப்பட்ட 2022-இலேயே கணினியிலிருந்து மறைந்திருக்கும்.